ஹைவே ஓரம் எங்க மெஸ் வாசல்ல இ.வி. சார்ஜர் வைக்கணும், யார் யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்?

துவரங்குறிச்சிக்காரன்:

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போறவன், இன்னைக்குத்தான் முதல்தடவை கேக்கறேன்.

எங்க அப்பா திருச்சி மதுரை ஹைவேல துவரங்குறிச்சி பக்கத்துல இருபது வருஷமா மெஸ் நடத்துறாரு. மெஸ் முன்னாடி ஒரு பதினஞ்சு கார் நிக்கற அளவுக்கு இடம் இருக்கு. இப்ப ஒரு வருஷமா எலக்ட்ரிக் கார்ல வர்றவங்க சாப்பிட்டு காசு குடுக்கறப்ப "இங்க சார்ஜ் போட வழி இருக்கா"னு கேக்காம போறதே இல்ல. போன மாசம் ஒரு குடும்பம் கைக்குழந்தையோட வந்தாங்க, வண்டில 9 சதவீதம்தான் இருக்குன்னாங்க, மதுரை வரைக்கும் போகணும், பாவமா இருந்துச்சு, கிச்சன் பக்கத்துல இருந்த 15 ஆம்ப்ஸ் பாயின்ட்ல அவங்க கேபிள போட்டு விட்டோம். மூணு மணி நேரம் உக்காந்திருந்தாங்க, ஊர் போய்ச் சேர்ற அளவுக்கு ஏறுச்சு. ஆனா அந்த பிளக்க தொட்டுப் பாத்தா நல்ல சூடு, எனக்கு பயமாயிடுச்சு. அன்னைக்கு ராத்திரியே அப்பா "முறைப்படி ஒண்ணு வச்சிரலாம்டா, விசாரி"னு சொல்லிட்டாரு.

விசாரிச்சா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒரு வீடியோல கரண்ட் விக்கறதுக்கு லைசென்ஸ் வேணும்னு சொல்றாங்க. இன்னொண்ணுல அஞ்சு வகை சார்ஜர் கண்டிப்பா வைக்கணும், சாடெமோங்கற வகை கூட வைக்கணும்னு ஒரு பட்டியல் காட்டுறாங்க. சார்ஜர் கம்பெனி சேல்ஸ்மேன் ஒருத்தர் நேர்ல வந்தாரு, 30 கிலோவாட் மெஷின் ஆறே முக்கால் லட்சம், பாதி அட்வான்ஸ் குடுங்க, ஈபி பர்மிஷன் எல்லாம் ஒரு வாரத்துல நாங்களே முடிச்சுத் தர்றோம்னு சொல்றாரு. ஆபர் இந்த மாசக் கடைசி வரைக்கும்தானாம். இப்ப மெஸ்ஸுக்கு இருக்கற கமர்ஷியல் மீட்டர்லயே போட்டுக்கலாமா, பஞ்சாயத்து, ஹைவேஸ்னு யார்கிட்டயாவது போகணுமா, எதை முதல்ல செய்யணும்னே தெரியல. இன்னொரு சங்கதி, பட்டா தாத்தா காலத்துக் கூட்டுப் பட்டா, அப்பா பேரும் சித்தப்பா பேரும் சேர்ந்து இருக்கு. இதனால ஏதாச்சும் இடிக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, அப்பாவோட சேமிப்ப எடுத்துப் போடறோம், அதனாலதான் இவ்வளவு கேக்கறேன்.

—

கரண்ட்கம்பி:

தம்பி, நான் திருச்சில லைசென்ஸ் வச்சிருக்கற எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர், இந்த மூணு வருஷத்துல கொஞ்சம் சார்ஜர் வேலை செஞ்சிருக்கேன், எனக்கு தெரிஞ்சத வரிசையா இல்லாட்டியும் சொல்லிடறேன்.

லைசென்ஸ் விஷயம் முதல்ல. வேணாம். 2018 ஏப்ரல்லயே மத்திய மின் அமைச்சகம் தெளிவா சொல்லிட்டாங்க, வண்டிக்கு சார்ஜ் ஏத்தறது கரண்ட் விக்கறது ஆகாது, அது ஒரு சேவை, அதனால 2003 மின்சாரச் சட்டப்படி லைசென்ஸ் தேவையில்லன்னு. யார் வேணா வைக்கலாம், ஆனா பாதுகாப்பு விதியும் தரமும் சரியா இருக்கணும். நீங்க பாத்த அஞ்சு வகை பட்டியல் இருக்கே, அது 2018 டிசம்பர்ல வந்த முதல் வழிகாட்டுதல்ல இருந்தது, அதுல சி.சி.எஸ்., சாடெமோ, டைப் 2, பாரத் ஏ.சி., பாரத் டி.சி. எல்லாமே வைக்கணும்னு இருந்துச்சு. 2019 அக்டோபர்லயே அத மாத்திட்டாங்க, எந்த சார்ஜர் வைக்கறதுன்னு வைக்கறவங்களே முடிவு பண்ணிக்கலாம். அதுக்கப்புறம் 2022 ஜனவரில ஒண்ணு, 2024 செப்டம்பர்ல ஒண்ணுன்னு புது வழிகாட்டுதல் வந்தாச்சு. பழைய வீடியோவ நம்பி சாடெமோ வாங்கிராதீங்க, இப்ப நம்ம ரோட்ல ஓடற கார் கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் வேகமா ஏத்த சி.சி.எஸ். டூ கன்தான், கன்னுன்னா கேபிள் முனைல வண்டில சொருகற பிளக்.

மெஸ் மீட்டர்ல போடாதீங்க. ரெண்டு காரணம். ஒண்ணு, உங்களுக்கு அங்க கமர்ஷியல் டாரிஃப். இ.வி. சார்ஜிங்குக்கு 2022 செப்டம்பர் கட்டண ஆணையிலயே தனி டாரிஃப் வந்திருச்சு, தாழ்வழுத்தத்துல டாரிஃப் 7, அதுக்கு தனி சர்வீஸ் தனி மீட்டர் வாங்குங்க. மத்திய வழிகாட்டுதல்ல காலைல 9 மணில இருந்து சாயங்காலம் 4 வரைக்கும் சோலார் நேரம்னு ரேட் கம்மியாவும் மத்த நேரம் கூடவும் இருக்கணும்னு சொல்லியிருக்காங்க, மெஸ்ஸுக்கு மத்தியான சாப்பாட்டுக் கூட்டம்தான் அதிகம்னா அது உங்களுக்கு சாதகம்தான். ரெண்டாவது காரணம், 30 கிலோவாட் மெஷின் ஓடும்போது உங்க பிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் எல்லாம் அதே லைன்ல இருந்தா தாங்காது.

அந்த பிளக் சூடான விஷயம், நல்லவேளை கவனிச்சீங்க. மூணு மணி நேரம் விடாம 13, 14 ஆம்ப்ஸ் இழுக்கும், கிச்சன்ல பழைய சாக்கெட், உள்ள ஸ்க்ரூ லூசா இருந்தா அப்படியே உருகிடும், பக்கத்துல கேஸ் சிலிண்டர் வேற. இனிமே யார் கேட்டாலும் அந்த பாயின்ட்ல குடுக்காதீங்க தம்பி.

பாதுகாப்பு விதின்னு மத்திய மின்சார ஆணையம் 2019ல சேத்தது இருக்கு, அதுல முக்கியமானத சொல்றேன், வேலை செய்யறவன்கிட்ட இத கேட்டு வாங்குங்க. ஒவ்வொரு சார்ஜிங் பாயின்ட்டுக்கும் தனி சர்க்யூட், தனி பிரேக்கர், 30 மில்லி ஆம்ப்ஸ் கரண்ட் கசிஞ்சாலே ட்ரிப் ஆகற ஆர்.சி.டி., சாக்கெட் வச்சா தரையில இருந்து 800 மில்லிமீட்டராவது மேல, எக்ஸ்டென்ஷன் ஒயர் எந்தக் காரணத்துக்கும் கூடாது, வண்டி நிக்கற இடத்துல சார்ஜ் போடற வாய் சார்ஜர்ல இருந்து 5 மீட்டருக்குள்ள வரணும். எர்த் ரொம்ப முக்கியம். உங்க பக்கம் பாறை மண்ணு, நான் அந்தப் பக்கம் வேலை செஞ்சிருக்கேன், எர்த் வேல்யூ லேசுல கிடைக்காது. டி.சி. சார்ஜர் எர்த் சரியில்லன்னா ஸ்டார்ட்டே ஆகாது, ஃபால்ட் காட்டிட்டு நிக்கும். ரெண்டு குழி தோண்டியும் பத்தாம மூணாவது தோண்டின இடம் எல்லாம் உண்டு. அந்த செலவையும் கணக்குல வைங்க.

—

பெரம்பலூர்ல இருந்து:

கரண்ட்கம்பி அண்ணன் சொன்னது எல்லாம் சரி, நான் ஒண்ணே ஒண்ணு அழுத்திச் சொல்றேன் ப்ரோ, அட்வான்ஸ் குடுக்காதீங்க. நான் குடுத்து மாட்டினவன்.

எங்க இடமும் ஹைவே ஓரம்தான், டீக்கடையும் பழக்கடையும். எனக்கும் இதே மாதிரி ஒருத்தர் வந்தாரு, ஈபி எல்லாம் நாங்க பாத்துக்கறோம்னாரு, ஆசைல 60 கிலோவாட் மெஷினா புக் பண்ணிட்டேன். மெஷின் இருபது நாள்ல வந்து இறங்கிருச்சு. அதுக்கப்புறம்தான் ஈபில அப்ளிகேஷன் போட்டோம். அவங்க வந்து பாத்துட்டு இந்த டிரான்ஸ்ஃபார்மர்ல அவ்வளவு லோடு இல்ல, புதுசா ஒண்ணு போடணும், எஸ்டிமேட் இவ்வளவுன்னு சொன்னாங்க. அவங்க சொன்னது நியாயம்தான், இருக்கறது 63 கே.வி.ஏ., கே.வி.ஏ.ன்னா டிரான்ஸ்ஃபார்மர் தாங்கற அளவு, அதுல ஏற்கனவே மோட்டார் சர்வீஸ் எல்லாம் ஓடுது, அதுல போய் 60 கிலோவாட் எப்படி குடுப்பாங்க. பணம் கட்டி, கம்பம் நட்டு, டிரான்ஸ்ஃபார்மர் வந்து அதுல கரண்ட் விட அஞ்சு மாசம் ஆயிருச்சு. அதுவரைக்கும் மெஷின் அட்டைப்பெட்டியோட பழக்கடை பின்னாடி தார்ப்பாய் மூடி நின்னுச்சு. வாரண்டி டெலிவரி தேதில இருந்து ஓடுதுன்னு அப்பதான் பில்ல படிச்சுப் பாத்தேன். ஒரு வருஷ வாரண்டில அஞ்சு மாசம் மெஷின ஆன் பண்ணாமலே போயிருச்சு. கம்பெனிக்கு போன் பண்ணா "சைட் ரெடி பண்றது கஸ்டமர் பொறுப்பு"ன்னு பில் பின்னாடி பொடி எழுத்துல இருக்கறத படிச்சுக் காட்டுறாங்க.

அதனால முதல்ல ஈபி, கடைசில மெஷின். ஆபர் போனா போகட்டும், அடுத்த மாசம் இன்னொரு ஆபர் வரும். வாங்கறப்ப வாரண்டி கமிஷனிங் தேதில, அதான் மெஷின் ஓட ஆரம்பிக்கற நாள்ல இருந்துன்னு ஆர்டர்ல எழுதி வாங்குங்க. சர்வீஸ் ஆள் எந்த ஊர்ல இருக்காங்கன்னும் கேளுங்க, எனக்கு ஒரு தடவை கன் லாக் ஆகி ஒரு கார் மாட்டிக்கிச்சு, ஆள் வர்றதுக்கு மறுநாள் ஆயிருச்சு, அந்த காரோட்டி எங்க கடையிலயே ராத்திரி படுத்தாரு.

இப்ப நல்லா போகுது, குறை சொல்லல. சனி ஞாயிறு ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது வண்டி வருது.

—

ஈபி பழைய ஆளு:

நான் ஈபில இருந்து ரிட்டையர்டு, கடைசியா ஒரு செக்ஷன்ல ஏ.இ.யா, அதான் உதவிப் பொறியாளரா இருந்தேன். தம்பி கேட்ட பட்டா விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லல, அதச் சொல்றேன்.

கூட்டுப் பட்டான்னா சர்வீஸ் கிடைக்காதுன்னு இல்ல. ஆனா அப்ளிகேஷன் அப்பா பேர்ல போட்டா சித்தப்பாகிட்ட சம்மதக் கடிதம் வேணும். அத இப்பவே பேசி வாங்கிடுங்க, சர்வீஸ் குடுக்கற நேரத்துல உறவுக்காரங்க ஆட்சேபணை மனு குடுத்து நின்னுபோன கேஸ் நான் எத்தனையோ பாத்திருக்கேன், எல்லாம் அண்ணன் தம்பி பேசாம விட்டதுதான். முடிஞ்சா தனிப்பட்டாவா பிரிச்சுக்கறது நல்லது, அதுக்கு நாளாகும், சம்மதக் கடிதம் போதும் இப்போதைக்கு. இதோட சொத்து வரி ரசீது, ஆதார், லைசென்ஸ் காண்ட்ராக்டர் குடுக்கற ஒயரிங் முடிஞ்ச டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் சேரும். அப்ளிகேஷன் ஆன்லைன்லயே போட்டுக்கலாம், டான்ஜெட்கோங்கற பேர் மாறி இப்ப விநியோகத்துக்கு டி.என்.பி.டி.சி.எல்.னு தனியா வந்திருச்சு, தேடறப்ப குழம்பாதீங்க.

ஆன்லைன்ல போடறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்ங்க. உங்க மெஸ்ஸுக்கு லைன் வர்ற டிரான்ஸ்ஃபார்மர் எதுன்னு கம்பத்து வழியா நடந்து போய்ப் பாருங்க. அதுல பெயிண்ட்ல எஸ்.எஸ். நம்பர்னு அதோட அடையாள நம்பரும் கே.வி.ஏ.வும் எழுதியிருக்கும். அத ஒரு போட்டோ எடுத்துட்டு செக்ஷன் ஆபீஸ் போய் ஏ.இ.ய நேர்ல பாத்து, "சார் இதுல 30 கிலோவாட் கேட்டா தாங்குமா, இல்ல புதுசா போடணுமா"ன்னு கேளுங்க. பீக் லோடு ரீடிங் அவங்ககிட்ட இருக்கும், பாத்துச் சொல்லிடுவாங்க. தாங்கும்னா உங்க செலவு ஒரு மாதிரி, புது டிரான்ஸ்ஃபார்மர்னா வேற மாதிரி. இது தெரியாம எந்த மெஷின்னு முடிவு பண்றது தப்பு.

நாள் கணக்கு பத்தி சேல்ஸ்மேன் சொன்ன ஒரு வாரம் எங்க இருந்து வந்துச்சுன்னு புரியுது. நுகர்வோர் உரிமை விதில 2024 பிப்ரவரி திருத்தத்துல புது சர்வீஸுக்கு பெருநகரத்துல 3 நாள், நகராட்சி பகுதில 7 நாள், கிராமத்துல 15 நாள்னு குறைச்சாங்க. அது இருக்கற லைன்ல இருந்து அப்படியே குடுக்க முடியற சர்வீஸுக்கு. கம்பம், டிரான்ஸ்ஃபார்மர்னு போனா அந்த நாள் கணக்கு பொருந்தாது. உங்க ஊர் கிராமப் பகுதி வேற.

இன்னொண்ணு, லோடு பெருசாகி நீங்களே சொந்தமா டிரான்ஸ்ஃபார்மர் வச்சு உயரழுத்தத்துல சர்வீஸ் எடுத்தா மின் ஆய்வாளர் வந்து பாத்து சான்று குடுத்தப்புறம்தான் அதுல கரண்ட் விட முடியும், டிராயிங் ஒப்புதல் முன்னாடியே வாங்கணும். 30 கிலோவாட்டுக்கு அந்தப் பக்கமே போக வேண்டியதில்ல. அதனாலதான் சொல்றேன், 30ல ஆரம்பிங்க.

—

நெக்ஸான் ஓட்டி:

நான் மாசத்துக்கு ரெண்டு தடவை சென்னைல இருந்து மதுரை போறவன், 30 கிலோவாட் அவர் பேட்டரி நெக்ஸான். ஓட்டறவன் பக்கத்துல இருந்து சொல்றேன்.

10ல இருந்து 80 சதவீதம் ஏத்த எனக்கு 21 யூனிட் வேணும். 30 கிலோவாட் சார்ஜர்ல முக்கால் மணி நேரத்துலருந்து ஒரு மணி நேரம். குடும்பத்தோட ஒரு ஃபுல் மீல்ஸ் சாப்பிட்டு, பாத்ரூம் போயிட்டு, குழந்தைக்கு பால் ஆத்திக் குடுத்துட்டு வந்தா சரியா இருக்கும். மெஸ்ஸுக்கு இதவிட பொருத்தமா என்ன இருக்கு. 60 இருந்தா புது கார்களுக்கு நல்லது, ஆனா என் வண்டி மாதிரி வண்டிக்கு பிரயோஜனம் இல்ல, வண்டி எடுத்துக்கற அளவுதான் எடுத்துக்கும்.

7 கிலோவாட் ஏ.சி. சார்ஜர், அதான் மெதுவா ஏத்தறது, அத மட்டும் வச்சுட்டு ஹைவேல போர்டு மாட்டாதீங்க, தயவுசெஞ்சு. ஆப்ல சார்ஜர் இருக்குன்னு பாத்துட்டு நம்பி வந்து, ஏ.சி.னு தெரிஞ்சு ஏமாந்த அனுபவம் எனக்கு நிறைய. லாட்ஜுக்கு அது சரி, ராத்திரி பூரா நிக்கும். சாப்பாட்டுக் கடைக்கு சரிவராது.

மெஷின்ல ஒரு போன் நம்பர் பெருசா எழுதி ஒட்டுங்க, அந்த நம்பர்ல மெஸ்ல இருக்கற ஆள் யாராச்சும் எடுக்கணும். நான் போற வழில பாதி சார்ஜர்ல பிரச்சனை மெஷின்ல இல்ல, பிரேக்கர் ட்ரிப் ஆகி கிடக்கும், பக்கத்துல இருக்கறவங்களுக்கு எத தூக்கி விடணும்னு தெரியாது. மெஸ்ல வேலை செய்யற ரெண்டு பேருக்காவது கத்துக் குடுங்க. மேல ஒரு கூரை, ராத்திரிக்கு ஒரு லைட். மழைல கன் புடிச்சுட்டு நிக்கறது மனசுக்கு ஒப்பாது, என்னதான் பாதுகாப்புன்னு சொன்னாலும்.

ஸ்கூட்டருக்கும் ரெண்டு பாயின்ட் வைங்க, செலவு கம்மி. சுத்துப்பட்டு ஊர்ல எலக்ட்ரிக் ஸ்கூட்டர் கூடிட்டே போகுது.

—

மூணாவது மாடி:

கொஞ்சம் வேற கேள்வி, மன்னிச்சுக்குங்க, இங்க விவரம் தெரிஞ்சவங்க இருக்கீங்களேன்னு கேக்கறேன். சென்னைல அபார்ட்மென்ட், 24 வீடு. கார் புக் பண்ணியாச்சு, அசோசியேஷன்ல சார்ஜர் வைக்க விட மாட்டேங்கறாங்க. தீப்பிடிக்கும்னு ஒருத்தர், காமன் மீட்டர்ல கரண்ட் எடுப்பீங்கன்னு ஒருத்தர். என் வீட்டுக்காரர் மீட்டிங்ல பேசிப் பேசி சலிச்சுப் போயிட்டாரு. பர்மிஷன் இல்லாம வைக்க எனக்கு இஷ்டமில்ல, எல்லாரும் தினம் முகத்த பாத்துக்கறவங்க. என்ன சொல்லி கேக்கறது?

—

கரண்ட்கம்பி:

@மூணாவது மாடி அக்கா, உங்களுக்கு வழி இருக்கு. நம்ம ஊர் அபார்ட்மென்ட்ல எல்லா வீட்டு மீட்டரும் கீழ ஒரே பேனல்லதான இருக்கும், உங்க மீட்டர்ல இருந்தே தனி பிரேக்கர் போட்டு, குழாய்க்குள்ள கேபிள் இழுத்து உங்க பார்க்கிங் வரைக்கும் கொண்டு போங்க. காமன் மீட்டர தொடவே வேணாம், அந்த சண்டை அங்கயே முடிஞ்சிரும். சொந்த வண்டிய சொந்த வீட்டு இணைப்புலயே சார்ஜ் பண்ணிக்கலாம்னு மத்திய வழிகாட்டுதல்லயே இருக்கு. நுகர்வோர் உரிமை விதியோட 2024 பிப்ரவரி திருத்தத்துல வண்டி சார்ஜிங்குக்குன்னு தனி இணைப்பு கேட்டும் வாங்கிக்கலாம்னு சொல்லிட்டாங்க. அந்தத் தாளையும், நான் மேல எழுதின பாதுகாப்பு விஷயத்தையும் ஒரு லெட்டரா எழுதி, லைசென்ஸ் காண்ட்ராக்டர் கையெழுத்தோட அசோசியேஷன்ல குடுங்க. கேபிள் எந்த வழியா போகும்னு ஒரு படம் போட்டு வைங்க. தீப்பிடிக்கும்னு பயப்படறவர தப்பா நினைக்காதீங்க, அவர கூப்பிட்டு ஆர்.சி.டி. பட்டன அமுக்கி ட்ரிப் ஆகறத காட்டுங்க. பாத்தப்புறம் எதிர்த்தவங்க ரொம்ப கம்மி.

ரெண்டு கணக்கு பாத்துக்குங்க. சிங்கிள் பேஸ் சர்வீஸ் 4 கிலோவாட் வரைக்கும்தான், காரோட வர்ற 7 கிலோவாட் வால் பாக்ஸ் மாட்டணும்னா த்ரீ பேஸும் லோடும் கேட்டு வாங்கணும். 16 ஆம்ப்ஸ் சாக்கெட்ல 3 கிலோவாட் போதும்னா, ராத்திரி எட்டு மணி நேரத்துல 24 யூனிட், ஊருக்குள்ள ஓட்டறவங்களுக்கு தாராளம், ஆனா ஏ.சி.யும் கீசரும் அதே நேரம் ஓடாம பாத்துக்கணும். ரெண்டாவது பில்லு. மாசம் 1000 கிலோமீட்டர் ஓட்டினா ரெண்டு மாச பில்லுல ஒரு 280, 290 யூனிட் கூடும். வீட்டுக்கு இப்பவே 300 வருதுன்னா 500ஐத் தாண்டிருவீங்க. தாண்டினா 101ல இருந்து 200 வரைக்கும் இருக்கற மலிவு ரேட் போயிரும், மேல போக போக ஸ்லாப் ஏறும். பெட்ரோலோட பாத்தா அப்பவும் ரொம்ப லாபம்தான், ஆனா பில்ல பாத்துட்டு மீட்டர் ஓடுதுன்னு யாரும் பதற வேணாம்னு முன்னாடியே சொல்லிடறேன்.

கட்டறப்பவே இத செஞ்சிருந்தா இந்த தலைவலியே இல்ல. மாதிரி கட்டட விதில 2019லயே பார்க்கிங்ல 20 சதவீதம் இ.வி.க்கு தயாரா இருக்கணும்னு சேத்தாங்க. புது ஃப்ளாட் வாங்கறவங்க பில்டர்கிட்ட இத கேளுங்க, கேட்டாதான் செய்வாங்க.

—

பெரம்பலூர்ல இருந்து:

ஹைவேஸ் பத்தி யாரும் சொல்லலயே. நேஷனல் ஹைவேல இருந்து உங்க இடத்துக்குள்ள வண்டி திரும்பற வழிக்கு அக்சஸ் பர்மிஷன்னு ஒண்ணு இருக்கு, 2002ல வந்த ஹைவே நிலக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி. மெஸ்ஸுக்கு அது ஏற்கனவே வாங்கியிருக்காங்களா இல்ல சர்வீஸ் ரோட்ல இருந்து வழி வருதான்னு அப்பாகிட்ட கேளுங்க. இல்லன்னா இப்ப முறைப்படுத்திக்கிறது நல்லது, நாளைக்கு ரோடு அகலப்படுத்தறப்ப லட்சக்கணக்குல போட்ட மெஷின் அவங்க எல்லைக்குள்ள நின்னா யார்கிட்டயும் பேச முடியாது. எங்க இடத்துல சர்வேயர கூட்டிட்டு வந்து எஃப்.எம்.பி. படம், அதான் சர்வே ஆபீஸ் நில அளவு வரைபடம், அத வச்சு அளந்தப்ப நாங்க எங்களுதுன்னு நினைச்சுட்டு இருந்த முன்பக்கம் பத்தடி ஹைவேஸோடது. போர்டு அங்கதான் நட்டிருந்தோம், புடுங்கி உள்ள தள்ளி நட்டோம்.

பஞ்சாயத்துல எனக்கு மெஷினுக்கு ஒண்ணும் கேக்கல. மேல ஷெட் போடறேன்னு சொன்னதும் பிளான் கேட்டாங்க, குடுத்து வாங்கிட்டேன். நீங்களும் ஷெட் போடறதா இருந்தா முன்னாடியே போய் கேட்டுக்குங்க.

ஜி.எஸ்.டி., மெஷினுக்கு 5 சதவீதம்தான், 2019 ஆகஸ்ட்ல 18ல இருந்து குறைச்சது, கொட்டேஷன்ல 18 போட்டிருந்தா ஏன்னு கேளுங்க. நீங்க வண்டிக்காரங்ககிட்ட வாங்கற சார்ஜிங் காசுக்கு 18. மானியம் கிடைக்கும்னு சேல்ஸ்மேன் சொன்னாரா? பி.எம். இ-டிரைவ்ங்கற மத்திய அரசு திட்டத்துல பொது சார்ஜிங்குக்கு 2,000 கோடி ஒதுக்கியிருக்காங்க, நிஜம். ஆனா அது அரசுத் துறைகள், மாநில அமைப்புகள் வழியா போறது, நாம நேரா போய் படிவம் நிரப்பி வாங்கற மாதிரி இல்ல. அத கணக்குல சேக்காமலே கட்டுப்படியாகுதான்னு பாருங்க. வச்சு முடிச்சதும் சார்ஜர் இருக்கற இடத்த காட்டற இ.வி. யாத்ரா தளத்துல பதிஞ்சிருங்க, மத்திய எரிசக்தி திறன் அலுவலகத்தோடது, ஓட்டறவங்க தேடறப்ப தெரியும்.

—

துவரங்குறிச்சிக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒண்ணொண்ணா அப்பாவுக்கு படிச்சுக் காட்டினேன்.

இன்னைக்கு காலைல டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் நடந்து போனேன், மெஸ்ல இருந்து நாலாவது கம்பம். 100 கே.வி.ஏ.னு எழுதியிருக்கு. அப்படியே செக்ஷன் ஆபீஸ் போனேன். ஏ.இ. மேடம் நல்லா பேசினாங்க, ரீடிங் எடுத்துப் பாத்துட்டு 30 கிலோவாட்னா இதுலயே பாக்கலாம், 60னா எஸ்டிமேட் போடணும்னு சொன்னாங்க. லைன் கம்பி மட்டும் கடைசி ரெண்டு கம்பத்துக்கு மாத்த வேண்டியிருக்கும், அப்ளிகேஷன் வந்ததும் வந்து பாத்துச் சொல்றேன்னாங்க.

சித்தப்பாகிட்ட அப்பாவே பேசிட்டாரு. ரெண்டு வருஷமா சரியா பேச்சு இல்லாம இருந்தாங்க. நேத்து சாயங்காலம் வந்தாரு, இடத்த சுத்திப் பாத்தாரு, வேப்பமரத்த வெட்டாம வைக்கறதா இருந்தா கையெழுத்து போடறேன்னாரு. மரம் தாத்தா வச்சது. அப்பாவுக்கும் அதான் எண்ணம், நிழலுக்கு அதுக்கு கீழயே வண்டி நிறுத்தற மாதிரி பாத்துக்கலாம்னு முடிவு.

அட்வான்ஸ் இப்ப இல்லன்னு சேல்ஸ்மேன்கிட்ட சொல்லிட்டேன், ஈபி எஸ்டிமேட் கைக்கு வந்தப்புறம் கூப்பிடறேன்னு. வாரண்டி கமிஷனிங்ல இருந்து எழுதித் தர முடியுமான்னு கேட்டேன், மேனேஜர்கிட்ட கேட்டு சொல்றேன்னு வச்சுட்டாரு. சர்வேயருக்கு மனு குடுத்தாச்சு. கிச்சன் பாயின்ட்ட கழட்டி டேப் சுத்தியாச்சு, சாக்கெட் பின்னாடி ஒயர் கருகித்தான் இருந்துச்சு.

ஒரு சந்தேகம், மரத்துக்கு கீழ வச்சா எர்த் குழி எங்க தோண்டறது, வேர் இருக்கே?

—

கரண்ட்கம்பி:

வேர்ல இருந்து தள்ளித் தோண்டுங்க தம்பி, மரத்துக்கும் நல்லது எர்த்துக்கும் நல்லது. மெஸ் கை கழுவற தண்ணி எந்தப் பக்கம் போகுதோ அந்த ஈரமான பக்கமா பாருங்க, பாறை மண்ணுல ஈரம் இருக்கற இடத்துலதான் வேல்யூ கிடைக்கும். ஒரு குழிக்கும் இன்னொரு குழிக்கும் நடுவுல நல்ல இடைவெளி விடுங்க. தோண்டறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போட்டோ போடுங்க, பாத்துச் சொல்றேன்.

—

ஈபி பழைய ஆளு:

தரைக்கு அடில கேபிள் கொண்டு போறப்ப பைப்ப ஒரு சைஸ் பெருசா போட்டு, பக்கத்துல காலியா இன்னொரு பைப்பும் போட்டு மூடிடுங்க. பின்னாடி ரெண்டாவது மெஷின் வச்சா மறுபடி தோண்ட வேணாம். மஞ்சள் எச்சரிக்கை டேப்பும் மேல விரிச்சிட்டு மண்ணு போடுங்க, மெஸ் வாசல்ல தண்ணி லைன் தோண்ட யாராச்சும் வருவாங்க.